450 ரூபாய் ஸ்பீக்கருக்குள் என்னதான் இருக்கிறது?

2023 மார்ச் 4, காலை (கேள்வி)

450 ரூபாய் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் மூன்றே மாதத்தில் இரைய ஆரம்பித்துவிட்டது. பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆத்திரத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு போர்டு, ஒரு டிரான்ஸ்பார்மர், மீதியெல்லாம் காற்று. இடது பெட்டியில் அதுவும் இல்லை. காற்றுக்கா இத்தனை ரூபாய்? பார்க்க ஏதாவது இருக்கிறதா, குப்பையில் போட்டுவிடலாமா?

மார்ச் 4, இரவு

குப்பையில் போடாதீர்கள். ஒன்றுமே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பரணில் எனக்கும் ஒரு ஜோடி கிடக்கிறது. 2005இல் கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தலையில் கட்டினார்கள். இன்று மாலை இறக்கித் துடைத்தேன். வேலை செய்கிறது, இரைச்சலும் அப்படியே இருக்கிறது.

திருகாணிகளைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. நான்கு கண்ணில் படும்படி இருந்தன. அவற்றைக் கழற்றியும் மூடி அசையவில்லை. இரண்டு திருகாணிகள் அடியில் ஒட்டிய ரப்பர் பாதங்களுக்குக் கீழே, ஒன்று ஸ்டிக்கருக்குக் கீழே. ஸ்டிக்கர் மேல் விரலை அழுத்தி ஓட்டினால் ஓர் இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அங்கே குத்துங்கள். அவசரப்பட்டு நெம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி: முன்பக்கத்துச் சிவப்பு எல்ஈடி விளக்கின் கால் ஒடிந்துவிட்டது. போகட்டும், அது பாடப் போவதில்லை.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுவிட்சை அணைத்துவிட்டேனே என்று நினைப்பவர்கள் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் இருப்பது 230 வோல்ட். தாண்டி வந்துவிட்டால் 9 வோல்ட், பயமில்லை.

இருப்பவை: டிரான்ஸ்பார்மர், நான்கு கருப்பு டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவிடுபவை), மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஒரு பெரிய கெபாசிட்டர் (பழைய மெக்கானிக்குகளுக்குக் கண்டென்சர்), ஒலியைப் பெருக்கும் பதினாறு கால் ஐசி (சில்லு) ஒன்று, கறிவேப்பிலை போலத் தூவிய சில்லறை உதிரிகள். ஐசியின் பெயர் டிஇஏ 2025பி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இது ஒன்றுதான். அதனால்தான் இடது பெட்டியில் கூம்பும் காந்தமும் தவிர வேறெதுவும் இல்லை. உங்கள் ஏமாற்றத்துக்கு விடை இது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் சமையல் தெரியும், மற்றவன் ஒயர் வழியாக வாங்கிச் சாப்பிடுகிறான்.

மார்ச் 4, இரவு, இன்னும் கொஞ்சம் கழித்து

ஐசியின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் எங்கே என்று தேடினேன். அலுமினியத் தகடு எதுவும் இல்லை. போர்டைத் திருப்பியதும் புரிந்தது. ஐசியின் நடுவில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கால்கள், நான்கும் ஒரு பெரிய செம்புப் பரப்பில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் நூல் போல ஓடும் செம்பு இங்கே மட்டும் தபால் தலை அகலத்துக்கு விரிகிறது. அதுதான் ஹீட் சிங்க். தகடு வாங்கும் காசும் மிச்சம். ஐசியைச் செய்தவர்களே இப்படிப் பயன்படுத்தத்தான் கால்களை நடுவில் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு காற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மார்ச் 5

முன்பக்கத்தில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன அல்லவா, பெரியதன் மேல் சின்னதாக வெள்ளியாய் மின்னும் ஒன்று? பதினெட்டு வருடங்களாக அதை ட்வீட்டர் என்று நம்பியிருந்தேன். அது குமிழ் வடிவப் பிளாஸ்டிக். பின்னால் ஒயர் இல்லை, காந்தம் இல்லை, துளைகூட இல்லை. ஒரு சொட்டுப் பசை.

விருந்தினர் ஒருவரிடம், “உச்ச ஸ்தாயி எல்லாம் அதில்தான் வருகிறது” என்று விளக்கியது வேறு நினைவுக்கு வருகிறது. அவரும் தலையாட்டினார்.

மார்ச் 6

1000 வாட் கணக்கு.

வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இருந்தால் அதன் ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் நான்கு ஆம்பியருக்கு மேல். ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பெட்டியில் போடுவது பிஎம்பிஓ (உச்ச இசைத் திறன்). எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண். ஒரு கண நேர உச்சத்தை வைத்துப் போடுகிறோம் என்பார்கள். அந்தக் கணம் எவ்வளவு சிறியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அச்சடிப்பவர் தாராள மனதுக்காரராக இருந்தால் பூஜ்யம் கூடும்.

உண்மை எண்ணைத் தாளில் போட்டுவிடலாம். இந்த மாதிரி ஐசியால் ஒரு ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்றால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஸ்பீக்கரின் மின்தடையின் (ஓம்) எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். என்னுடையது 9 வோல்ட், 4 ஓம். 81ஐ 32ஆல் வகுத்தால் 2.5 வாட். ஐசியின் தரவுத்தாளிலும் 9 வோல்ட், 4 ஓமுக்குப் பக்கத்துக்கு 2.3 வாட் என்றுதான் இருக்கிறது, அதுவும் ஒலி பத்து சதவீதம் சிதைந்த நிலையில். இரண்டு பக்கமும் சேர்த்து 5 வாட்டை எட்டாது.

குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க ஒரு வாட்டே தாராளம். 5 என்று அச்சடித்திருந்தால் யாருக்கும் மனக்குறை இருந்திருக்காது, வாங்கியும் இருக்க மாட்டோம்.

மார்ச் 7

நேற்றைய கணக்கில் பிழை என்று இந்த இழையைப் படித்த ஒருவர் சுட்டிக்காட்டினார். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 9 வோல்ட் மாறுமின்சாரம். டயோடுகளைத் தாண்டி நேர்மின்சாரமாகும்போது அது 9 அல்ல. 1.414ஆல் பெருக்கி டயோடுகள் விழுங்கும் 1.4 வோல்ட்டைக் கழித்தால் 11.3. அதைப் போட்டால் பக்கத்துக்கு 4 வாட். ஆக நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருடிவிட்டேன் என்று அவர் சொன்னது சரி.

ஆனால் விடுவேனா? மல்டிமீட்டரைக் கெபாசிட்டரின் கால்களில் பிடித்தபடி ஒலியை முழுக்கத் திறந்து நாதஸ்வரம் ஒன்றை ஓடவிட்டேன். பாட்டு இல்லாதபோது 11.4 வோல்ட். தவில் இறங்கியதும் 8.6. தம்மாத்துண்டு டிரான்ஸ்பார்மர், இழுத்தால் மூச்சு வாங்குகிறது. 8.6ஐ வைத்துப் போட்டால் மறுபடியும் 2.3 வாட். தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மார்ச் 9

இரைச்சலைப் பற்றி முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், கேள்வியே அதுதான்.

முதலில் ஒரு சோதனை. ஒலியைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் தப்பு மின்சாரப் பக்கத்தில், அதாவது டயோடு, பெரிய கெபாசிட்டர். ஒலியோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் வெளியிலிருந்து வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்தோ ஒயரிலிருந்தோ. என்னுடையது பூஜ்யத்திலும் இரைகிறது.

இதை 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்று எழுதப் போனேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, “அது பஞ்சமம், கொஞ்சம் ஏறியிருக்கிறது” என்றாள். அவள் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவள். ஒரு கட்டை ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸுக்குப் பக்கம், அதன் மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் 98. ஆக இவள் கேட்பது 98ஐவிடச் சற்று மேலே, 100. சரிதானே! நான்கு டயோடுகளும் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்துவிடுவதால் 50 இரட்டிப்பாகி 100 ஆகிறது. தவிர, மூன்று அங்குலக் கூம்புக்கு 50 ஹெர்ட்ஸை எழுப்பும் தெம்பு ஏது? மல்டிமீட்டர் வேண்டாம், காது போதும் என்று நிரூபித்துவிட்டுப் போய்விட்டாள்.

பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. மேலே வெட்டுக் குறி போட்டிருப்பார்கள், அந்தப் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். என்னுடையது பூரி. கழற்றி அளந்தேன்: மேலே எழுதியிருப்பது 1000 மைக்ரோ ஃபாரட், மிச்சமிருப்பது 310. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் உலர்ந்துவிடுகிறது.

உங்களுடையது மூன்றே மாதத்தில் இரைந்திருக்கிறது. அதற்குள் உலர வழியில்லை. தலை தட்டையாக இருந்தால் கெபாசிட்டரின் காலை ஆட்டிப் பாருங்கள், ஈயம் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம்.

மார்ச் 11

கெபாசிட்டரைக் கழற்றிய இடத்தில் போர்டில் என்ன அச்சிட்டிருக்கிறது தெரியுமா? 2200. போட்டிருந்ததோ 1000.

அதன் பிறகு போர்டை வேறு கண்ணோடு பார்த்தேன். இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடினேன். இந்த இழையின் முதல் கேள்வியே “ஒன்றுமே இல்லை” என்பதுதானே, நான் அதைக் கேலி செய்யாமல் கவனித்திருக்க வேண்டும். போர்டை வரைந்த ஆள் ஒருவர், விலை குறைத்த ஆள் இன்னொருவர். இருவரும் பேசிக்கொண்டது அந்தப் பச்சைப் பரப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது. துளை இருக்கிறது, அச்சு இருக்கிறது, உதிரி இல்லை. எண்ணினேன், ஒன்பது இடங்கள்.

ஃப்யூஸ் என்று அச்சிட்ட இடத்தில் ஒரு கம்பித் துண்டு. ஒலி உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இல்லை. ஐசியிலிருந்து வெளியேறும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்று, அதுவும் இல்லை. அது ஐசி காதுக்குக் கேட்காத வேகத்தில் தானாக அதிர்ந்து சூடாகிவிடாமல் பிடித்து வைப்பது. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 1000 என்று அச்சிட்ட இரண்டு கெபாசிட்டர் இடங்களிலும் 220 (இவை ஒன்பதில் சேராது). மீதி நான்கும் எதற்கென்று இன்னும் தடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நுழைவாயிலில் கெபாசிட்டர் இல்லாததன் பலன் எல்லோருக்கும் தெரிந்ததே. செல்போனுக்கு அழைப்பு வருவதற்குச் சில விநாடி முன்பே ஸ்பீக்கர் “டக்கு டக்கு டர்ர்” என்று சொல்லிவிடும். 2ஜி போன் தொடர்ந்து பேசாது, துண்டு துண்டாக, விநாடிக்கு 217 தடவை அலையை வீசும். அலையின் வேகம் காதுக்கு எட்டாது, ஆனால் அந்தத் துண்டுகளை ஐசி பிடித்துக் கேட்கும் ஒலியாக்கிவிடும். ஒயர் அதற்கு ஆன்டெனா. அம்மாவின் பட்டன் போன் இன்னும் 2ஜிதான், இன்றைக்கும் அழைப்பு வந்தால் ஸ்பீக்கர்தான் முதலில் சொல்கிறது. அம்மாவுக்கு இது வசதி. “மணி அடிக்கும் முன்பே எழுந்துவிடலாம்” என்கிறாள்.

மார்ச் 12, ஞாயிறு

எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்பதுக்குமான உதிரிகளை வாங்கினேன். மொத்தம் 62 ரூபாய். சில்லறையாக வாங்கியதால் இத்தனை. லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கு இது ஐந்தோ ஆறோ ஆகலாம். அந்த ஐந்தோ ஆறோதான் கம்பித் துண்டாகி நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கடையில், “ஸ்பீக்கர் புதிதாகவே 400 ரூபாய்தானே சார், இதற்கு ஏன் மெனக்கெடுகிறீர்கள்?” என்றார் கல்லாவில் இருந்தவர். பதில் சொல்லத் தெரியவில்லை. “பொழுதுபோகவில்லை” என்றேன்.

மார்ச் 14

போர்டை வரைந்தவர் நல்லவர், விலை குறைத்தவர் கெட்டவர் என்ற தொனியில் 11ஆம் தேதி எழுதியதில் ஒரு பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

220ஐக் கழற்றிவிட்டு அச்சில் இருந்தபடி 1000 போட்டேன். கணக்குப்படி 220 இருந்தால் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலியத் தொடங்கும், 1000 இருந்தால் 40 வரை இறங்கும். தடுத்து வைத்திருந்த மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இப்போது வெளியே வரும் என்று ஆசையாக மூடினேன்.

வந்தது மிருதங்கமல்ல, தகர டப்பா. பிளாஸ்டிக் பெட்டி முழுக்க அதிர்ந்தது. கூம்பு ஓரத்துக்கு ஓரம் துள்ளி, அதன் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அடியில் இடிக்கும் சத்தமும் கேட்டது. அந்த மூன்று அங்குலக் காகிதம் தாங்காத வேலையை அதன் தலையில் ஏற்றியிருக்கிறேன். விலை குறைத்தவர் சும்மா குறைக்கவில்லை, கேட்டுப் பார்த்துத்தான் குறைத்திருக்கிறார் போல. மறுபடியும் 220. மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். ஃப்யூஸுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

மார்ச் 15

இன்னொரு கண்டுபிடிப்பு. தலை குனிந்துதான் எழுதுகிறேன்.

பேச்சுக் குரல் எப்போதும் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைகிறதே என்று நெடுநாளாக ஒரு குறை இருந்தது. மலிவு என்று விட்டிருந்தேன். இன்று 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன் (இரண்டு காயிலும் 3.6 ஓம், நல்ல ஆரோக்கியம்). வலது கூம்பு வெளியே வந்தது. இடது கூம்பு உள்ளே போனது. ஒயர் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, கனத்த ஒலிகள் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டு ஒயரை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். செய்தி வாசிப்பவர் வந்து மேசைக்கு நடுவே உட்கார்ந்தார்.

தொழிற்சாலையைத் திட்டி ஒரு பத்தி எழுதிவிட்டு அழித்தேன். இடது ஒயரில் சுற்றியிருக்கும் கருப்பு இன்சுலேஷன் டேப் தொழிற்சாலைக் காரியமல்ல. எலி கடித்த ஒயரை 2011 வாக்கில் ஒட்டுப் போட்டவன் நான்தான்.

மார்ச் 18

சுவிட்ச் விவகாரம்.

ஒலிக் குமிழைக் கடைசி வரை திருப்பினால் “டிக்” என்று அணைகிறது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து டிரான்ஸ்பார்மரைத் தொட்டேன். வெதுவெதுப்பு. தடம் பிடித்துப் பார்த்தால் சுவிட்ச் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இருக்கிறது. பிளக்கில் மாட்டியிருக்கும் வரை டிரான்ஸ்பார்மர் இரவும் பகலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு குடிக்கிறது? வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் செருகி, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், எங்கள் மீட்டரில் 3200 மினுக்கலுக்கு ஒரு யூனிட். இருபது நிமிடம் பார்த்தேன். ஒரு மினுக்கல் இல்லை. மதியம் இரண்டு மணி, மின்விசிறி இல்லை, உள்ளேயிருந்து விமர்சனங்கள் வந்தவண்ணம் இருந்தன. ஆக அது ஒன்றுமே குடிப்பதில்லை, பயப்பட வேண்டாம்.

மார்ச் 19

நேற்றைய முடிவு செல்லாது. மிகச் சிறிய மின்னோட்டத்தை வீட்டு மீட்டர் கணக்கிலேயே எடுக்காது, அது ஓடத் தொடங்கவே ஒரு குறைந்தபட்சம் வேண்டும்.

இன்று வேறு வழி. 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுப் பத்து மினுக்கலுக்கு நேரம் எடுத்தேன்: 4 நிமிடம் 43 விநாடி. அதோடு ஸ்பீக்கரையும் செருகினேன்: 4 நிமிடம் 24 விநாடி. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பல்பே ஏமாற்றும் என்பதால் மாற்றி மாற்றி மூன்று தடவை எடுத்தேன், ஓரிரு விநாடி முன்பின். வித்தியாசம் கிட்டத்தட்ட 3 வாட். வருடம் முழுக்க மாட்டியே வைத்திருந்தால் சுமார் 25 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வரும் ஊரில் இது கட்டணத்தைப் பெரிதாக ஆட்டாது. ஆனால் ஃப்யூஸ் இல்லாத ஒரு டிரான்ஸ்பார்மர் ஆளில்லாத வீட்டில் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சோதனைக்காகப் பிரிட்ஜை இரண்டு நாள் அணைத்ததில் புளித்த மாவு என் கணக்கில் எழுதப்பட்டுள்ளது.

மார்ச் 22

யுஎஸ்பியில் ஓடும் ஸ்பீக்கரையும் திறக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மகனுடையது, 2019. அவன் பள்ளிக்குப் போயிருந்தபோது திறந்தேன்.

டிரான்ஸ்பார்மர் இல்லை, டயோடு இல்லை. போர்டு என்று சொல்லக் கூசும் அளவுக்கு ஒரு துணுக்கு, கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பிஏஎம் 8403 என்ற ஐசி. பழைய ஐசி வாங்கும் மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். இது ஒலியை மிக வேகமான துடிப்புகளாக வெட்டி அனுப்புவதால் அவ்வளவாகச் சூடாவதில்லை. செம்புப் பரப்பும் வேண்டாம். பக்கத்துக்கு 3 வாட் என்று எழுதியிருக்கிறது. சாதாரண யுஎஸ்பி 2 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட் தரும். இரண்டரை படிப் பாலில் ஆறு படித் தயிர்.

பிறகு அந்த இரும்பு. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சப்பையாக ஓர் இரும்புத் துண்டு பசை போட்டு ஒட்டியிருக்கிறது. எதனோடும் இணைப்பு இல்லை. சமையலறைத் தராசில் வைத்தேன், 64 கிராம். கையில் எடுத்தால் கனமாக, காத்திரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த எடை. அந்தக் காலத்துப் பழைய பேப்பர்காரர் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய கதை.

மார்ச் 23

இரும்பை எடுத்துவிட்டு மூடிக் கொடுத்தேன். மாலைக்குள் மூன்று தடவை மேசையிலிருந்து விழுந்துவிட்டது. ஒயர் லேசாக இழுபட்டாலே போதும், எழுந்து நடக்கிறது. இரும்பை மறுபடியும் ஒட்டிவிட்டேன். பேப்பர்காரரிடமும் மன்னிப்பு.

மார்ச் 24

யுஎஸ்பி ஸ்பீக்கர் செத்துவிட்டது. பழியை ஒயரின் மேல் போடப் பார்த்தேன், முடியவில்லை. ஹெட்போன் துளை ஒன்று சேர்க்கலாம் என்று ஸ்பீக்கர்களின் இரண்டு கருப்பு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கித் தரையோடு (கிரவுண்ட் எனப்படும் பொது முனை) இணைத்தேன். பழைய ஐசியில் அது செல்லும், கருப்பு ஒயர் அங்கே தரைதான். பிஏஎம் 8403இல் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் ஐசியிலிருந்தே வருகின்றன, இரண்டிலும் துடிப்பு ஓடுகிறது, எதுவும் தரையல்ல. ஒரு சின்ன “டப்”. அதோடு மௌனம். அதே ஐசி வைத்த தயார்ப் போர்டு ரிச்சி தெருவில் 40 ரூபாய்க்குக் கிடைத்தது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் இதைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 27

ஸ்பீக்கரின் காந்தம் மானிட்டரைக் கெடுக்குமா என்று கேட்டவருக்கு: ஆமாம், பழைய குண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் திரையின் மூலையில் ஊதா நிறத் தேமல் வரும். காந்தம் எலெக்ட்ரான் கற்றையை வளைத்துவிடும். அதைத் தடுக்கக் காந்தத்துக்குப் பின்னால் எதிர்க் காந்தம் ஒன்றை ஒட்டி இரும்புக் கிண்ணம் கவிழ்ப்பார்கள். என் ஸ்பீக்கரின் பெட்டியில் காந்தக் கவசம் உண்டு என்று அச்சிட்டிருந்தது. உள்ளே காந்தம் வெட்டவெளியில் நிற்கிறது. இப்போது தட்டைத் திரை வந்துவிட்டதால் அந்தப் பொய்யும் ஓய்வு பெற்றுவிட்டது.

ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரப்பது: உள்ளே லாட வடிவக் கரித்தடம், அதன் மேல் ஓர் உலோக விரல். தூசிதான் காரணம். காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் ஒரு வாரம் சுகமாக இருக்கும், பிறகு தூசி சேர்ந்து அல்வாவாகிவிடும்.

எங்கள் தெருவில் ரேடியோ பழுது பார்த்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். மீட்டரையே தொட மாட்டார். ஆடியோ ஒயரின் முனையை விரலால் தொடுவார். ஸ்பீக்கர் “ம்ம்ம்” என்று உறுமினால், “உயிர் இருக்கிறது தம்பி, கோளாறு வெளியில்” என்பார். உறுமாவிட்டால்தான் திருப்புளியை எடுப்பார். நம் உடம்பே வீட்டு ஒயர்களிலிருந்து 50 ஹெர்ட்ஸை வாங்கி வைத்திருக்கிறது, அதைத்தான் ஸ்பீக்கர் பாடுகிறது. இன்றைக்கும் என் முதல் சோதனை இதுதான்.

ஏப்ரல் 2

மூடிவிட்டேன். புதிய கெபாசிட்டர் 2200. கம்பித் துண்டு இருந்த இடத்தைவிட ஃப்யூஸ் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் இருப்பதே நல்லது என்று பட்டது, அங்கே 100 மில்லி ஆம்பியரில் ஒன்று, மேலே குழாய் போட்டு மூடியிருக்கிறேன். நுழைவாயில் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. தடம் பிடிக்க முடியாத நான்கு இடங்களும் பாஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கானவை என்று தெரிந்தது. இதே போர்டு குமிழ் வைத்த விலை கூடிய மாடலுக்கும் போயிருக்கிறது. வாங்கிய உதிரிகள் டப்பாவில் இருக்கின்றன.

இரைச்சல் அறவே இல்லை. ஒலியை முழுக்கத் திறந்து காதை ஒட்டினால்தான் மெல்லிய “ஸ்ஸ்”.

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். கெபாசிட்டரின் ஒரு கால் ஈயம் பிடிக்காமல் வெறுமே துளையில் நின்றுகொண்டிருந்ததாம். ஒரு பொட்டு ஈயத்தில் சரியாகிவிட்டது. அவர் போர்டிலும் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பிதான்.

ஏப்ரல் 9

எதிர்பாராத ஒன்று. இரைச்சல் போனதிலிருந்து ஸ்பீக்கரை யாரும் அணைப்பதில்லை. இத்தனை வருடமும் அந்தப் பஞ்சமம்தான், “நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எல்ஈடியின் காலை நானே ஒடித்துவிட்டேன். இந்த வாரம் நான்கு இரவு ஓடியிருக்கிறது. நேற்று நள்ளிரவில் கம்ப்யூட்டருக்கு ஏதோ தகவல் வந்து “டிங்” என்று அறை அதிர ஒலித்ததில் அம்மா போன் என்று நினைத்து எழுந்துவிட்டாள். இப்போது போனுக்கு முன்னால் ஸ்பீக்கர் டக்கு டக்கு என்பதும் இல்லை, அதுவும் அவளுக்கு ஒரு குறை.

ஏப்ரல் 10

குமிழில் இருக்கும் சுவிட்சையே 230 வோல்ட் பக்கம் மாற்றிவிடலாமே என்று யோசனை சொன்னவருக்கு: வேண்டாம். அந்தச் சுவிட்சின் மேல் எத்தனை வோல்ட் தாங்கும் என்று எதுவும் எழுதவில்லை. அதற்கு ஒரு விரல்கடை தள்ளித்தான் ஆடியோ ஒயர்.

பழைய வீட்டில் கட்டில் தலைமாட்டில் தொங்கிய பெட் சுவிட்ச் ஒன்று பரணில் இருந்தது, பேரிக்காய் வடிவம், பழுப்பேறிய வெள்ளை. ஸ்பீக்கர் ஒயரின் நடுவே அதைச் சேர்த்துவிட்டேன். மேசை ஓரத்தில் தொங்குகிறது. அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கம் கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருக்கிறது. எல்ஈடி ஒன்றரை ரூபாய், அடுத்த தடவை ரிச்சி தெருவுக்குப் போகும்போது.